ஆயிலில் கலந்த தண்ணீர்

ஜனவரி 27, திங்கள்

ஜெயகனி டீச்சரின் கார் இன்று கடைக்கு வந்தது. தானாக ஓடி வரவில்லை. அவருடைய தம்பி டிராக்டரில் கயிறு கட்டி ஏரல் பாலம் வழியாக இழுத்து வந்து என் ஒர்க்‌ஷாப் வாசலில் விட்டுவிட்டுப் போனார். டீச்சர் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்திருந்தார். கீழே இறங்கி, காலில் மாட்டியிருக்கிற இரும்புத் தாங்கியைப் பூட்டி, கம்பை ஊன்றி நின்ற பிறகுதான் பேசினார்.

"நேத்து சர்ச்சுக்குப் போறதுக்கு முன்னாடி ஆயில் பாத்தேன் அண்ணாச்சி. இப்படி இருந்துச்சு. அதுக்கப்புறம் சாவியத் தொடல."

ஆயில் குச்சியை எடுத்துப் பார்த்தேன். கறுப்பாக இருக்க வேண்டியது தேங்காய்ப்பால் சொதி நிறத்தில் ஒட்டிக்கொண்டு வந்தது. அளவும் மேல் கோட்டுக்கு ஒரு விரல் மேலே. ரேடியேட்டர் டப்பாவில் பச்சைத் தண்ணீர் பாதிதான். இஞ்சினைக் குளிர வைக்கிற தண்ணீர் எங்கோ வழி தவறி ஆயிலுக்குள் இறங்குகிறது.

"ஹெட் கேஸ்கட்டுதான்" என்றேன். இஞ்சினின் தலைக்கும் நடுப்பகுதிக்கும் இடையில் தண்ணீரையும் ஆயிலையும் பிரித்து வைக்கிற தகடு அது.

"போன தடவையும் அதத்தான் சொன்னிய."

"ஆமா. போன தடவ மச்சினன் மந்திரம் செஞ்ச வேலை அப்படி."

"அதுக்கப்புறம் அதக் கழட்டி நீங்கதான மாத்துனிய?"

பானெட்டுக்குள் கவனமாக எதையோ பார்ப்பதுபோல் நின்றேன்.

இருபத்தாறு வருடத்து வண்டி. வேறு யாருடையதாக இருந்தாலும் பழைய இரும்புக்குப் போடச் சொல்லியிருப்பேன். டீச்சருக்குக் கைக்குழந்தையாக இருக்கும்போதே இளம்பிள்ளை வாதத்தில் இரண்டு கால்களும் போய்விட்டன. கிளட்ச், பிரேக், ஆக்ஸிலேட்டர் மூன்றையும் கையால் இயக்குவதற்கு இந்த வண்டியில் லிவர் வைத்திருக்கிறது. பள்ளிக்கூடம் பதினான்கு கிலோமீட்டர். மார்ச் கடைசியில் பத்தாம் வகுப்புக்குப் பரீட்சை. கணக்கு அவர்தான் எடுக்கிறார்.

லிவர் வைத்தது மந்திரமூர்த்தி. என் மனைவி பிரம்முவின் தம்பி. ஒன்பது வருடம் என்னோடு இந்தக் கடையில் இருந்தான். இப்போது இல்லை. அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

ஜனவரி 28, செவ்வாய்

ஆயிலை வடித்தேன். முதலில் ஒரு டம்ளர் அளவு பச்சைத் தண்ணீர் வந்தது. பிறகுதான் அந்தக் கூழ். விலை குறைந்த ஆயில் ஊற்றி இரண்டே நிமிடம் ஓட்டினேன். சைலன்சரில் வெள்ளைப் புகை இல்லை. ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்திருந்தேன். ஒரு குமிழிகூட வரவில்லை. நான்கு பிளக்கையும் கழற்றிப் பார்த்தேன். தண்ணீர் புகுந்த சிலிண்டரின் பிளக் கழுவி வைத்ததுபோல் பளிச்சென்று இருக்கும். நான்குமே காய்ந்து, பழுப்பாக இருந்தன. சிலிண்டருக்குள் காற்று அழுந்துகிற கம்ப்ரஷனும் நான்கிலும் ஒரே அளவு.

ஹெட் கேஸ்கட் போயிருந்தால் இதில் ஒன்றாவது மாறியிருக்க வேண்டும்.

இருந்தாலும் வியாழக்கிழமை ஹெட்டைக் கழற்றிவிடலாம் என்று இருக்கிறேன். வேறு என்னவாக இருக்கப் போகிறது.

ஜனவரி 30, வியாழன்

புது கேஸ்கட் வாங்கத் தூத்துக்குடி போகக் காலையில் பஸ் நிறுத்தத்துக்குப் போனேன். எதிர்ப்பக்கம் டீச்சர் நின்றுகொண்டிருந்தார். பஸ் வந்தது. படி உயரம். கண்டக்டரும் ஒரு அம்மாவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து டீச்சரை மேலே தூக்கினார்கள். ஒரு செருப்பு கீழே விழுந்தது. நான் ஓடிப்போய் எடுத்துக் கொடுத்தேன்.

சன்னல் வழியாகச் சொன்னார்: "நல்ல மனசோடதான் தூக்குதாங்க அண்ணாச்சி. ஆனா என்னைய யாரும் தூக்கி பத்து வருசம் ஆச்சு."

வண்டி எப்போது ஆகும் என்று கேட்பார் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு. "கழட்டாம கண்டுபிடிக்க வழியே இல்லியா? விடைய முதல்ல எழுதிட்டு அதுக்குத் தக்கன வழி எழுதுற பிள்ளைக்கு நான் மார்க் போட மாட்டேன்."

பஸ் போய்விட்டது. நான் தூத்துக்குடி போகவில்லை.

பிப்ரவரி 1, சனி

ரேடியேட்டருக்கு அழுத்தம் கொடுத்துப் பார்க்கிற கருவி நம்மிடம் இல்லை. ஒரு பழைய ரேடியேட்டர் மூடியில் துளை போட்டு, சைக்கிள் டியூபின் வால்வை வைத்துப் பற்றவைத்தேன். பக்கத்தில் ஒரு அழுத்தமானி. மூன்று தடவை ஒழுகியது. நான்காவது தடவை நின்றது. இந்த மாதிரி வேலையை மந்திரம் அரை மணி நேரத்தில் முடிப்பான். எனக்கு ஒரு நாள் ஆனது.

பிப்ரவரி 2, ஞாயிறு

கடை லீவு. பிரம்மு சாப்பாடு போட்டுக்கொண்டே சொன்னாள். "தம்பி தூத்துக்குடியில வீடு கட்டி முடிச்சிட்டானாம். மாசியில பால்காய்ப்பாம். வெள்ளூர் மதினி சொன்னாவ."

ம் என்றேன்.

"எத்தன ரூம்னு கேட்டேன். அவியளுக்குத் தெரியல."

மீன் குழம்பில் உப்பு இல்லை. நான் சொல்லவில்லை. அவளும் சாப்பிட்டுவிட்டு ஒன்றும் சொல்லவில்லை.

பிப்ரவரி 3, திங்கள்

இன்று நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

இஞ்சினுக்கு அடியில் இருக்கிற ஆயில் தொட்டியை, அதாவது சம்ப்பைக் கழற்றி எடுத்தேன். இப்போது கீழே படுத்துப் பார்த்தால் இஞ்சினின் வயிறு முழுவதும் தெரியும். ரேடியேட்டரை நிரப்பி, நான் செய்த மூடியை மாட்டி, சைக்கிள் பம்பால் காற்று அடித்தேன். முள் ஏறி நின்றது. கால் மணி நேரத்தில் கொஞ்சம் இறங்கியது. வெளியே எங்கும் ஈரம் இல்லை. உள்ளேதான் ஒழுகுகிறது.

சாக்கை விரித்து டார்ச்சோடு அடியில் போய்ப் படுத்தேன். ஹெட் கேஸ்கட் என்றால் இஞ்சினின் நடுப்பகுதியிலிருந்து சிலிண்டர் ஓரமாக வழிந்து வர வேண்டும். நடுப்பகுதியையே பார்த்துக்கொண்டு கிடந்தேன். கை வலித்தது. இருபது நிமிடம் இருக்கும். கன்னத்தில் ஒரு சொட்டுகூட விழவில்லையே என்று நினைத்துத் திரும்பும்போது, முன்பக்கம், செயின் ஓடுகிற இடத்தில் ஒரு பச்சைச் சொட்டு தொங்கிக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். அது விழுந்தது. கொஞ்ச நேரத்தில் அதே இடத்தில் இன்னொன்று திரண்டது.

முன்பக்கம். செயினை மூடியிருக்கிற அலுமினிய கவருக்குப் பின்னால். தண்ணீரை இஞ்சினுக்குள் சுற்ற வைக்கிற வாட்டர் பம்ப் அந்தக் கவரின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது.

ஹெட்டுக்கும் அந்த இடத்துக்கும் சம்பந்தமே இல்லை.

வெளியே வந்து உட்கார்ந்திருந்தேன். டீ வாங்கி வைத்தது ஆறிப் போயிருந்தது. டீச்சருக்கு போன் செய்து, "இடம் தெரிஞ்சிட்டு" என்றேன். "என்ன காரணம்?" என்று கேட்டார். "நாளைக்குக் கழட்டிப் பாத்துட்டுச் சொல்லுதேன்" என்றேன்.

பிப்ரவரி 4, செவ்வாய்

கவரைக் கழற்றினேன். வாட்டர் பம்ப்பைப் பிடித்திருக்கிற போல்ட்டுகள் ஆறு. ஐந்து ஒரே நீளம். ஒன்று மட்டும் ஒரு விரல் நகத்தின் அளவு கூட நீளம். அது போகிற துளை அடி மூடிய துளை. நீளமான போல்ட் அடியில் முட்டி, மேலும் முறுக்கியதில், உள்பக்கச் சுவர் மயிரிழையாக விரிந்திருக்கிறது. அந்த விரிசலின் ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் ஆயில். விரிசலைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் ஏதோ கட்டியாகப் பிடித்திருந்தது. நகத்தால் சுரண்டினேன். ரேடியேட்டர் ஒழுக்கை அடைக்கப் போடுகிற பவுடர்.

போல்ட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். கடையைச் சீக்கிரம் அடைத்துவிட்டேன்.

பிப்ரவரி 5, புதன்

வேலை செய்யவில்லை. தலைவலி.

பிப்ரவரி 6, வியாழன்

ஐ.டி.ஐ. படித்த காலத்திலிருந்து தினமும் வேலைக் குறிப்பு எழுதுகிறேன். பழைய டைரிகள் அலமாரியில் இருக்கின்றன. எடுக்க வேண்டாம் என்று இரண்டு நாள் இருந்தேன். இன்று எடுத்தேன்.

இரண்டு வருடத்துக்கு முன், ஜனவரியில்: "ஜெயகனி டீச்சர் கார். சூடு ஏறுகிறது. ஹெட் வேலை மந்திரம். வாட்டர் பம்ப் நான். ஒரு போல்ட் மரை போயிருந்தது. டப்பாவிலிருந்து வேறு எடுத்துப் போட்டேன். இறுக்கமாகத்தான் போனது."

இறுக்கமாகத்தான் போனது. என் கையெழுத்துதான்.

மூன்று வாரம் கழித்து: "டீச்சர் கார் ஆயிலில் தண்ணீர். மந்திரம் ஹெட்டைச் சரியாக இறுக்கவில்லை. சொன்னேன். போய்விட்டான். நல்லதுதான்."

சொன்னேன் என்று எழுதியிருக்கிறேன். எப்படிச் சொன்னேன் என்று எழுதவில்லை. டீச்சர் நின்றார். இன்னும் இரண்டு பேர் வண்டி எடுக்க வந்திருந்தார்கள். "ஸ்பேனர் பிடிக்கத் தெரியாதவன்லாம் ஹெட்டத் தொட்டா இப்படித்தான்" என்றேன். "நாலு தடவ வரிசைப்படி இறுக்கினேன் அத்தான்" என்றான். "பேசாத" என்றேன். அவன் கையைக் கழுவிவிட்டுப் போனான்.

பிறகு நானே ஹெட்டைக் கழற்றி வேறு கேஸ்கட் போட்டேன். அவன் போட்டிருந்த கேஸ்கட் நன்றாகத்தான் இருந்தது. அதை உற்றுப் பார்க்காமல் குப்பையில் போட்டேன். எதற்கும் இருக்கட்டும் என்று ரேடியேட்டரில் அந்தப் பவுடரைக் கொட்டினேன். அதை டைரியிலும் எழுதவில்லை. ஒழுக்கு நின்றது. பார்த்தீர்களா, ஹெட்தான் என்று எல்லோரிடமும் சொன்னேன். இரண்டு வருடம் தாங்கியது பவுடர்.

எபாக்சி பசை போட்டு விரிசலை அடைத்து, சரியான நீளத்தில் ஒரு போல்ட் போட்டால் முடிந்தது. பழைய கவர், வயசாகி விரிந்துவிட்டது என்று சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள்.

இதையும் எழுதிவிட்டேன்.

பிப்ரவரி 7, வெள்ளி

காலையில் பிரம்மு துணி துவைக்கப் போனவள் ஈரக் கையோடு வந்து போல்ட்டை மேசையில் வைத்தாள்.

"மூணு நாளா சட்டை மாத்தி சட்டை இத வச்சிக்கிட்டு அலையுதிய. என்ன இது?"

சொன்னேன். நின்றபடியே கேட்டாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு, "அவன் புள்ள பள்ளிக்கூடம் சேந்தத நான் போட்டோல பாத்தேன்" என்றாள். பிறகு, "நீங்க போய்ச் சொல்லுதியளா, நான் போன்ல சொல்லட்டுமா?"

"நான் போறேன்."

"நாளைக்கே போங்க."

பிப்ரவரி 8, சனி

கவரைச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு தூத்துக்குடி போனேன். இந்த மாடலுக்குப் புதுக் கவர் கிடைக்காது. அலுமினியத்தில் ஒழுங்காகப் பற்றவைக்கிற ஆள் எனக்குத் தெரிந்து ஒருவன்தான். துறைமுகத்துக்குப் போகிற சாலையில் மீன்பிடி லாஞ்சு இஞ்சின் பார்க்கிற பட்டறையில் இருக்கிறான். பஸ்ஸில் போகும்போது பசை போடுவதைப் பற்றி இன்னொரு தடவை யோசித்தேன்.

மந்திரம் வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "வாங்க" என்றான். அத்தான் என்று சொல்லவில்லை. முடி நரைக்க ஆரம்பித்திருக்கிறது.

மேசையில் கவரை வைத்து, பக்கத்தில் போல்ட்டை வைத்தேன். "டீச்சர் வண்டி" என்றேன்.

எடுத்து வெளிச்சத்தில் திருப்பினான். விரிசலை விரலால் தடவினான். போல்ட்டைத் துளையில் விட்டுப் பார்த்தான். அது முட்டிக்கொண்டு நின்றது.

"நான் போட்டது மாப்ள. ஹெட்ல ஒண்ணும் இல்ல. அன்னைக்கும் ஒண்ணும் இல்ல."

"ஹெட்டக் கழட்டிப் பாத்தியளா?"

"இல்ல. கழட்டத் தேவைப்படல."

போல்ட்டை மேசையில் வைத்தான். "டீக்கடையில ஒருத்தன் கேட்டான், ஸ்பேனர் பிடிக்கத் தெரியாதாமேன்னு. சிரிச்சிக்கிட்டுதான் கேட்டான். அப்புறம் ஏரல்ல எவனும் எனக்கு வண்டி தரல. அதான் லாஞ்சுக்கு வந்தேன்."

"தெரியும்."

"உங்களுக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா ரெண்டு வருசம் ஆயிருக்காது."

"தப்பு என் மேலதான்" என்று மட்டும் சொன்னேன். அவன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். வெளியே ஏதோ லாரி திரும்ப முடியாமல் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது.

"வெல்டிங் வச்சுத் தாரேன்" என்றான் கடைசியில். "அது டீச்சருக்காக. எங்கிட்ட வந்து சொன்னிய, சரி. ஆனா அவங்க முன்னாடிதான என்னையப் பேசுனிய. அங்க போய்ச் சொல்லுங்க."

"சொல்லுதேன்."

"கவர வச்சிட்டுப் போங்க. சூடு காட்டி, பத்தவச்சு, மெதுவா ஆற வைக்கணும். அவசரப்பட்டா பக்கத்துல விரியும்."

கிளம்பும்போது, "அக்கா எப்படி இருக்கா?" என்று கேட்டான். "வீட்டுல எத்தன ரூம்னு கேக்கா" என்றேன். அவன் கண்ணாடியை இறக்கிக்கொண்டான்.

பிப்ரவரி 9, ஞாயிறு

டீச்சர் வீட்டுக்குப் போனேன். சர்ச்சிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். போல்ட், பவுடர், நான் பேசிய பேச்சு, எல்லாவற்றையும் சொன்னேன். நடுவில் ஒரு இடத்தில் நிறுத்தினேன். "சொல்லுங்க" என்றார். மீதியையும் சொன்னேன்.

டீச்சர் கம்பைச் சுவரில் சாய்த்து வைத்தார். பிறகு சொன்னார்.

"ஆயில் இப்படி இருக்குன்னதும் நான் முதல்ல போன் போட்டது மந்திரம் தம்பிக்குத்தான். தூத்துக்குடிக்கு இழுத்துட்டு வரட்டுமான்னு கேட்டேன். 'வேண்டாம் டீச்சர், அத்தான்ட்டயே கொண்டு போங்க. பொறுமையாப் பாத்தாருன்னா அவரே கண்டுபிடிச்சிருவாரு'ன்னாரு."

தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

"எனக்கும் கோவம் இருக்கு அண்ணாச்சி" என்றார். "பிள்ளைகளுக்குப் பரீட்சை முடியட்டும். அப்புறம் கோவப்படுதேன்."

பிப்ரவரி 10, திங்கள்

டீக்கடையிலும் சொன்னேன். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒருவர் மட்டும், "அப்போ மந்திரம் நல்ல மெக்கானிக்கா?" என்று கேட்டார். "என்னைவிட" என்றேன்.

பிப்ரவரி 11, செவ்வாய்

இஞ்சின் அடியில் பேரிங்குகளைத் திறந்து பார்த்தேன். தண்ணீர் கலந்த ஆயிலில் ஓடினால் முதலில் தேய்வது அவைதான். கீறல் இல்லை. டீச்சர் சாவியைத் தொடாமல் விட்டது நல்லதாகப் போயிற்று. இனி கவர் வர வேண்டும். எப்போது வரும் என்று போன் செய்து கேட்க முடியவில்லை.

பிப்ரவரி 12, புதன்

பதினொரு மணிக்கு ஒரு பைக் வந்து நின்றது. மந்திரம். பின்னால் கவரைக் கட்டி வைத்திருந்தான். வெல்டிங் தையல் போட்டதுபோல் சீராக இருந்தது.

"பஸ்ல குடுத்து விட்டா எங்கயாவது இடிபடும்" என்றான்.

கொடுத்துவிட்டுப் போய்விடுவான் என்று நினைத்தேன். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான்.

மாலை வரைக்கும் சேர்ந்து வேலை செய்தோம். "பன்னண்டு ஸ்பேனர் தா", "வெளக்கக் காட்டு" என்பதைத் தவிரப் பேச்சு இல்லை. போல்ட்டுகளை மாட்டுவதற்கு முன் நான் ஒவ்வொன்றாக அளந்து வரிசையாக வைத்தேன். அவன் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு தடவை ஆயில் மாற்றிக் கழுவினோம். நான் செய்த மூடியை மாட்டிக் காற்று அடித்தோம். முள் அரை மணி நேரம் அசையவில்லை. மூடியை உருட்டிப் பார்த்துவிட்டு, "இத நீங்களா பத்தவச்சிய?" என்றான். "ஆமா." "அதான் இப்படி இருக்கு" என்றான். கோபமாகச் சொல்லவில்லை.

மத்தியானம் பிரம்மு சாப்பாடு கொண்டு வந்தாள். அவனைப் பார்த்ததும் தூக்குச்சட்டியைக் கீழே வைத்துவிட்டு அவன் தலையைத் தொட்டாள். "என்னல இப்படி நரைச்சிட்டு" என்றாள். நான் கை கழுவப் போய், நிதானமாகக் கழுவிவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 15, சனி

டீச்சர் வண்டியை எடுத்துக்கொண்டு போனார். பாலம் ஏறும் வரைக்கும் வாசலில் நின்று பார்த்தேன். புகை இல்லை.

பிப்ரவரி 20, வியாழன்

மந்திரமும் அவன் மனைவியும் அழைப்பிதழோடு வீட்டுக்கு வந்தார்கள். தட்டில் வைத்துக் கொடுத்தார்கள். "அத்தான், முந்தின நாளே வந்துருங்க" என்றான்.

கடைக்குத் திரும்பி வருகிறாயா என்று கேட்டேன். கேட்க வேண்டியது என் கடமை. "இல்ல. லாஞ்சு வேல எனக்குப் பழகிட்டு. அலுமினிய வேல இருந்தா அனுப்புங்க" என்றான். சரிதான் என்றேன்.

பிப்ரவரி 23, ஞாயிறு

டீச்சர் போன். ஆயில் குச்சியைப் பார்த்தாராம். தேன் மாதிரி இருக்கிறதாம். சிறப்பு வகுப்பு மாலை ஏழு மணி வரை நீட்டியிருக்கிறாராம். பஸ் நேரம் பார்க்க வேண்டியதில்லையே.

மார்ச் 5, புதன்

பால்காய்ப்பு நல்லபடி முடிந்தது. மூன்று ரூம், ஒரு மாடிப்படி. பிரம்மு எல்லா ரூமுக்கும் இரண்டு தடவை போய் வந்தாள். மத்தியானம் கிளம்பலாம் என்றேன். "நீங்க போங்க. நான் நாலு நாள் இருந்துட்டு வாரேன்" என்றாள். மந்திரத்தின் மகள் அவள் மடியில் உட்கார்ந்திருந்தது.

மார்ச் 6, வியாழன்

இரண்டு வண்டிக்கு பிரேக் வேலை. ஒரு பேட்டரி. இரவுச் சோறு நானே வடித்தேன். குழைந்துவிட்டது. மோர் விட்டுக் கரைத்துக் குடித்தேன். நன்றாக இருந்தது.